வேம்பு காட்டிய வேந்தன்
பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

தமிழர் தம் வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் இரண்டாகப் பகுத்துக் கண்டனர் என்பதை நம் பள்ளி மாணவரும் அறிவர். அப்பகுப்பினுள் நுட்பமான விதி ஒன்று உண்டு. அன்பின் ஐந்திணையைப் பாடுமிடத்துத் தலைவன், தலைவியரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியனார் வகுத்த நெறி. கூடலைப் பாடலாம், பிரிவைப் பாடலாம், ஊடலையும் பாடலாம். யாருடைய கூடல், யாருடைய ஊடல் என்பதை மட்டும் ஊரறியச் சொல்லுதல் கூடாது. சொல்லிவிட்டால் அப்பாட்டு அகம் என்னும் நிலையினின்று நீங்கிவிடும்.

இவ்விதியை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நம் கையிலுள்ள கைப்பேசியும், கூடத்திலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியும், மணிக்கட்டில் கட்டிய கடிகாரமும் நம்மைப் பற்றிய செய்திகளை ஓயாது திரட்டி எங்கோ அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இது பற்றி வினவுவோர்க்கு, அவற்றைச் செய்து விற்போர் வழக்கமாக ஓர் ஆறுதல் கூறுவர்: ‘உங்கள் பெயரை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை, பெயர் நீக்கிய விவரங்களையே பயன்படுத்துகிறோம்.’ இவ்வாறுதல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா? இவ்வினாவிற்குரிய விடையை நம் பழைய உரையாசிரியர் ஒருவர் முன்பே எழுதி வைத்திருக்கின்றார் என்பது தமிழாசிரியர்கள் எண்ணி மகிழ்தற்குரியது. எண்ணி எச்சரிக்கை கொள்ளுதற்கும் உரியது.

நெடுநல்வாடை தரும் பாடம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது, நக்கீரர் பாடியது. கூதிர்க்கால நள்ளிரவில், அரண்மனையில் அரசி கணவனைப் பிரிந்து துயருறுகின்றாள். அரசனோ பாசறையில் உறக்கமின்றிப் புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறி வருகின்றான். பாட்டு முழுவதும் தேடினாலும் அரசன் பெயரோ அரசி பெயரோ கிடைக்காது. பிரிவுத் துயரே பொருள், பெயரும் சொல்லப்படவில்லை. ஆதலின் இஃது அகப்பாட்டு என்று கொள்வதற்குத் தடை இல்லை போலத் தோன்றும்.

ஆனால் உரை கண்ட நச்சினார்க்கினியர் அவ்வாறு கொள்ளவில்லை. அரசனுக்குமுன் செல்லும் வீரன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்தது என்று ஓரிடத்தில் வருகின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. சோழர்க்கு ஆத்தியும் சேரர்க்குப் பனையும் போல. வேம்பு வந்தமையால் அரசன் பாண்டியன் என்பது வெளிப்பட்டுவிட்டது. ஆகவே இது புறமே என்பது அவர் முடிபு. பிற்கால அறிஞருள் இம்முடிபை ஏற்காது இதனை அகமென்றே கொண்டாரும் உளர். அவ்வழக்கை நாம் இங்கே தீர்க்க வேண்டுவதில்லை. அவர் காட்டிய காரணமே நமக்கு வேண்டுவது.

அக்காரணத்தில் இரண்டு படிகள் உள்ளன. முதலாவது, பெயர் இல்லாவிடினும் ஓர் அடையாளம் போதும். இரண்டாவது, அவ்வடையாளம் தனித்து நின்று பேசுவதில்லை. படிப்பவர் முன்பே அறிந்த வேறொரு செய்தியுடன் சேர்ந்தே பேசுகின்றது. வேம்பு பாண்டியர் பூ என்று அறியாதவனுக்கு அது வெறும் தழையே. அறிந்தவனுக்கு அது குலத்தைக் காட்டும். பாட்டுடைத் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்னும் மரபுச் செய்தியும் சேர்ந்தால் ஆளே வந்து நிற்பான். மறைத்தவர் கையில் பெயர்தான் இருந்தது. வேம்பின் பொருளோ படிப்பவர் கையில் இருந்தது.

பெயரற்ற பட்டியல்கள் பேசிய வரலாறு

இவ்விரண்டு படிகளும் நம் காலத்தில் அப்படியே நிகழ்ந்துள்ளன. 1990-களின் நடுவில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியரின் மருத்துவக் காப்புறுதியைக் கவனிக்கும் ஆணையம், அவர்கள் மருத்துவமனைகளில் பெற்ற சிகிச்சை விவரங்களை ஆராய்ச்சியாளர்க்கு வழங்கிற்று. பெயர், முகவரி முதலியன நீக்கப்பட்டிருந்தன. பிறந்த நாள், பால், அஞ்சல் எண் ஆகிய மூன்றும் எஞ்சியிருந்தன. அப்போது மாணவியாக இருந்த லத்தான்யா சுவீனி என்னும் கணினி அறிஞர், கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். அதில் பெயர் இருந்தது. அதே மூன்று விவரங்களும் இருந்தன. அந்நகரில் வாழ்ந்த மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த நாளில் பிறந்தவர் பட்டியலில் அறுவர். அவருள் ஆண்கள் மூவர். அவரது அஞ்சல் எண்ணுக்குள் வாழ்ந்தவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவக் குறிப்பு எது என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

இம்மூன்று விவரங்களைக் கொண்டே அமெரிக்க மக்களுள் 87 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று சுவீனி 2000-ஆம் ஆண்டில் கணித்தார். 2006-இல் வேறோர் ஆய்வாளர் கணித்தபோது இது 63 விழுக்காடு என வந்தது. குறைந்த கணக்கையே கொண்டாலும் பாதிக்கு மேற்பட்டவர்க்கு அவர்தம் பிறந்த நாளும், பாலும், வாழும் இடமும் சேர்ந்து ஒரு வேப்பந்தழையாகிவிடுகின்றன.

அதே 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மற்றொரு நிகழ்ச்சி. இணையச் சேவை நிறுவனமாகிய ஏ.ஓ.எல்., ஏறத்தாழ 6,50,000 பேர் மூன்று மாதங்களில் தேடிய 2 கோடித் தேடற் சொற்களை ஆராய்ச்சியாளர்க்கு உதவும் பொருட்டு வெளியிட்டது. ஒவ்வொருவர் பெயருக்கும் பதிலாக ஓர் எண் இடப்பட்டிருந்தது. ஆனால் ஒருவர் தேடியன எல்லாம் அவருடைய ஒரே எண்ணின் கீழ் வரிசையாக நின்றன. தம் ஊரிலுள்ள தோட்ட வேலைக்காரரைத் தேடியவர், தம் குடும்பப் பெயருடையாரைத் தேடியவர், தம் நோயைத் தேடியவர் ஒருவரே என்று தெரிந்தபின் அவர் யார் என்று அறிவது அரிதா? சில நாள்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர்கள் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த 62 வயது அம்மையார் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டினர். அத்தேடல்கள் தம்முடையவையே என்று அவர் ஒப்புக்கொண்டார். நிறுவனம் வருத்தம் தெரிவித்துப் பட்டியலைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் அதைப் படியெடுத்தவர் பலர்.

வீட்டிற்குள் வந்த வேம்பு

மேற்கூறியவை பட்டியல்களைப் பற்றியவை. இன்று அப்பட்டியல்களை எழுதுவோர் எழுத்தர் அல்லர். நாம் காசு கொடுத்து வாங்கி வைத்துள்ள பொருள்களே எழுதுகின்றன.

தொலைக்காட்சிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். இணையத்துடன் இணையும் புதுவகைப் பெட்டிகள் பலவற்றில், திரையில் ஓடும் காட்சியின் சில புள்ளிகளை அவ்வப்போது பதிந்து, ஒரு பெருந்தொகுப்புடன் ஒப்பிட்டு, இன்ன நிகழ்ச்சி ஓடுகின்றது என்று கண்டுகொள்ளும் ஏற்பாடு உண்டு. விசியோ என்னும் அமெரிக்க நிறுவனம், 2014 பிப்ரவரி முதற்கொண்டு இவ்வேற்பாட்டினால் 1 கோடியே 10 இலட்சம் பெட்டிகளிலிருந்து விநாடிக்கு விநாடி செய்தி திரட்டியது என்றும், பார்ப்போரின் இசைவைப் பெறவில்லை என்றும் அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் 2017-இல் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் 22 இலட்சம் டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. இவ்வழக்கில் நாம் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. திரட்டியதை வாங்கியவர்கள் குடும்பங்களைப் பெயரால் அடையாளம் காணலாகாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தனர். ஆனால் பால், வயது, வருமானம், மணமானவரா என்பது, வீட்டிலுள்ளோர் எண்ணிக்கை, கல்வி, வீடு சொந்தமா என்பது ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ள இடம் விட்டிருந்தனர். பெயரை வாயிலில் தடுத்துவிட்டு, வேம்பைக் கூடை கூடையாக உள்ளே அனுப்பினர் என்பதன்றி வேறென்ன?

அடுத்தது கைப்பேசி. நாம் எங்கே இருக்கின்றோம் என்பதை அது அறியும். அறியாவிடின் அழைப்பு நம்மை வந்தடையாது. ஐரோப்பிய நாடு ஒன்றில் 15 இலட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசிப் பதிவுகளைப் பெயரின்றி ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஓர் ஆள் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருந்தார் என்னும் குறிப்புகள் நான்கு கிடைத்தாலே 95 விழுக்காட்டினரைப் பிறரிடமிருந்து பிரித்துவிடலாம் என்று காட்டிற்று. இதில் வியப்பில்லை. இரவு தங்கும் வீடும், காலை செல்லும் வேலையிடமும், வெள்ளிக்கிழமை மாலை செல்லும் கோயிலும் ஒன்றாக அமைந்த வேறொருவர் நம் ஊரில் உண்டா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது கைக்கடிகாரம். ஓட்டப்பயிற்சி செய்வோரின் தடங்களைப் பதியும் ஸ்ட்ராவா என்னும் செயலியை நடத்துவோர், உலகெங்கும் பதிவான தடங்களை 2017 நவம்பரில் ஒரே வரைபடமாக வெளியிட்டனர். அதில் யார் பெயரும் இல்லை, ஒளிக்கோடுகள் மட்டுமே. பெருநகரங்களில் அவை ஒன்றோடொன்று கலந்து ஒளிவெள்ளமாகத் தெரிந்தன. ஆனால் சிரியாவின் பாலைவனத்திலும் ஆப்கானிஸ்தானத்தின் வெற்று நிலங்களிலும் தனித்த சிறு வளையங்கள் ஒளிர்ந்தன. அவை அயல்நாட்டு வீரர்கள் தங்கள் படைமுகாம்களைச் சுற்றி ஓடிய தடங்கள் என்பதை 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். கூட்டத்துள் ஒருவர் எளிதில் மறைவார். ஆளற்ற இடத்தில் பெயரின்றியே தெரிவார் என்பதே இதன் பாடம்.

‘மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?’

இவ்வாறு கேட்பார் உளர். குற்றம் செய்தவனுக்கன்றோ மறைவு வேண்டும் என்பது அவர் கருத்து. நம் இலக்கண ஆசிரியர் அகத்திற்குப் பெயர் கூறலாகாது என்றது காதல் குற்றம் என்பதாலா? அன்று. காதலைப் போல உயர்வாக அவர்கள் போற்றியது வேறில்லை. ஒருவர்க்கும் அவர்தம் நெஞ்சிற்கு உரியார்க்கும் இடையே நிகழ்வது ஊரார் பேச்சுக்குப் பொருளாகலாகாது என்பதே நோக்கம். நோய், கடன், வறுமை, வழிபாடு, மணமுறிவு ஆகியவற்றில் குற்றம் எதுவும் இல்லை. எனினும் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்னும் உரிமை அவ்வவர்க்கே உரியது. கருவி அவ்வுரிமையைக் கேளாமலே எடுத்துக்கொள்கின்றது என்பதே நம் முறையீடு.

பன்னிரண்டு இலக்கங்கள்

இதுகாறும் கூறியவை பெரிய நாடுகளின் பெரிய நிறுவனங்களைப் பற்றியவை. இனி நம் பள்ளிக்கூடத்திற்கு வருவோம். படைமுகாமைச் சுற்றிய அச்சிறு வளையத்தைப் போன்றவையே நம் தோட்டப் பள்ளிகள். 150-க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளிகள் நம்மிடையே பல. வகுப்புக்கு ஐந்தாறு பேரே பயிலும் பள்ளிகளும் உண்டு. இத்தகைய இடத்தில் பெயரை நீக்குவது மிகச் சிறிய மறைப்பு. ‘நான்காம் ஆண்டில் பயிலும், தந்தையை இழந்த மாணவி’ என்று எழுதினால் தோட்டம் முழுவதும் அச்சிறுமியை அறியும். ‘நம் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்’ என்று எழுதினாலும் அப்படியே. ஒரு தோட்டப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஒருவர்தாமே!

இப்பள்ளிகளில் நாள்தோறும் கைப்பேசி வழியே செல்லும் செய்திகள் எத்தனை! உதவிநிதி பெறுவோர் பட்டியல் பெற்றோர் புலனக் குழுவில் வருகின்றது. பெயர் வேண்டாமே என்று நல்லெண்ணத்துடன் அடையாள அட்டை எண்ணை மட்டும் இடுவாரும் உண்டு. மலேசிய அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களைச் சற்று நோக்குவோம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். கடைசி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். ஓர் எண் 150412-08 என்று தொடங்கினால் அக்குழந்தை 2015 ஏப்ரல் 12-இல் பேராக் மாநிலத்தில் பிறந்தது என்று அறியலாம். சுவீனிக்கு வேண்டியிருந்த மூன்றனுள் பிறந்த நாளும் பாலும் எண்ணிலேயே இருக்கின்றன; இடம் எது என்பதைப் புலனக் குழுவின் பெயரே சொல்லிவிடும். பெயருக்குப் பதிலாக இவ்வெண்ணை இடுவது, அரசன் பெயரை விட்டுவிட்டு அவன் பூமாலையைப் பாட்டில் வைத்ததற்கு நிகர்.

உதவிப்பொருள் வழங்கும் படமும் இத்தகையதே. பிள்ளையின் முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சீருடையையும், பள்ளிப் பலகையையும், பக்கத்தில் நிற்கும் தாயையும் தெளிவாக விட்டுவிட்டால் மறைத்தது யாது? அரிசி மூட்டை ஒரு திங்களில் தீர்ந்துவிடும். படமோ அப்பிள்ளை வளர்ந்து வேலை தேடும் நாளிலும் யாரோ ஒருவர் கைப்பேசியில் இருக்கும்.

சட்டம் எதுவரை வரும்?

சட்டம் இதனை உணராமல் இல்லை. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பெற்று 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு விவரத்தினின்று நேரே ஆளை அறிய முடிந்தாலும், அதனைக் கைக்கொண்டவரிடமுள்ள பிற விவரங்களோடு சேர்த்து அறிய முடிந்தாலும் அது தனிநபர் தரவே என்கின்றது அச்சட்டம். சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கருத்தினதே. அந்நாட்டில் நிறுவனங்கள் தக்க காரணமின்றி அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்குவது 2019 செப்டம்பர் 1 முதல் தடை செய்யப்பட்டது. நச்சினார்க்கினியர் கண்ட இரண்டாம் படியைச் சட்டமியற்றியோரும் கண்டுள்ளனர் என்று நாம் மகிழலாம்.

ஆயினும் எல்லை உண்டு. மலேசியச் சட்டம் வணிகத் தொடர்பான செயல்களுக்கே உரியது; கூட்டரசையும் மாநில அரசுகளையும் அது கட்டுப்படுத்தாது. 2024-இல் திருத்தங்கள் செய்யப்பெற்று, தண்டத்தின் உச்ச வரம்பு 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தபோதும் இவ்வெல்லை மாறவில்லை. பெற்றோர் குழுவில் ஓர் ஆசிரியர் இடும் பட்டியலைத் தடுக்க இச்சட்டம் ஓடிவரும் என்று எதிர்பார்த்தற்கில்லை. அங்கே காவல் ஆசிரியரின் பண்பே.

ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க அளவுகோல்

பெயர் நீக்கப்பட்டதா என்று கேட்பதை விடுத்து, ‘இவ்விவரம் எத்தனை பேருக்குப் பொருந்தும்?’ என்று கேட்கப் பழகவேண்டும். இவ்வினாவையே சுவீனி 2002-இல் கணிதவழி நின்று ஒரு முறையாக வகுத்தார். பட்டியலிலுள்ள எந்த விவரத் தொகுதியும் குறிப்பிட்ட ஓர் எண்ணிக்கைக்குக் குறையாத ஆள்களுக்குப் பொருந்துமாறு இருத்தல் வேண்டும். குறைந்தால் விவரத்தைப் பரும்படியாக்க வேண்டும் என்பது அம்முறை. பிறந்த நாளுக்குப் பதில் ஆண்டு. ஆண்டும் காட்டிக்கொடுக்குமாயின் ‘தொடக்கப் பள்ளி வயதினர்’ என்பதோடு நிறுத்தலாம். ஆறு பேர் கொண்ட வகுப்பின் மதிப்பெண்ணைப் பெயரின்றி ஒட்டுவதைவிட ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியே கூறுவது எளிது. உதவி பெறுவோர் பட்டியல் குழுவிற்குத் தேவையே இல்லை. பெறுவோர்க்கு மட்டும் செய்தி சென்றால் போதும். படம் வேண்டுமாயின் பொருளைப் படம் எடுக்கலாம்; பெறும் பிள்ளையை எடுக்க வேண்டுவதில்லை.

வீட்டிலுள்ள கருவிக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். ஒரு செயலி நாம் இருக்குமிடத்தை அறியக் கேட்கும்போது, அச்செயலுக்கு அது தேவையா என்று எண்ணி, தேவையற்றதாயின் மறுக்கலாம். தொலைக்காட்சிப் பெட்டியின் அமைப்புப் பகுதியில், பார்க்கும் நிகழ்ச்சியைக் கண்டறியும் ஏற்பாட்டை அணைத்து வைக்கலாம். இவை பெரிய போராட்டங்கள் அல்ல. சில நிமிட வேலைகள். ஒரு முறை வெளியே சென்ற விவரம் திரும்பி வாராது. புதிதாய்ச் செல்வதையேனும் குறைக்கலாம்.

நெடுநல்வாடையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், வேம்பு வரும் இடத்தில் சற்று நின்று இச்செய்தியையும் கூறலாம். பழம்பாட்டு இன்றைய வாழ்வுக்கு என்ன தரும் என்று கேட்கும் மாணவனுக்கு அது தக்க விடையாகும். தன் பெயரைச் சொல்லாமலே தன்னைச் சொல்லிக்கொண்டிருக்கும் வேம்புகள் தன் சட்டைப்பையிலேயே எத்தனை உள்ளன என்று அவன் எண்ணத் தொடங்குவான். அவ்வெண்ணம் பிறந்துவிட்டால், பிறனொருவனைப் பற்றிய படத்தையோ செய்தியையோ அனுப்புமுன் அவன் விரல் ஒரு கணம் தயங்கும். அத்தயக்கத்தைக் கற்பிப்பது நம் கடமை.